வீடு மாறிய ஆறும் என் வாடிக்கையாளர்களும்

மீன் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் மீன்காரர். மீன் ஏன் இல்லை என்று ஒவ்வொரு நாளும் புதுசாகச் சொல்லத் தெரிந்தவர்தான் வழிகாட்டி. நான் இரண்டாவது வகை.

பத்தாங் காலிக்கு மேலே, மலையடிவாரத்து ஆற்றில், ஃப்ளை தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என் தொழில். புழு, மாவு எதுவும் கிடையாது. முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, கனமான தூண்டில் லைனை முன்னும் பின்னும் காற்றில் வீசி, அந்தப் பொய்ப் பூச்சியைத் தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். மீன் ஏமாந்தால் பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடுவோம். ஏமாறாவிட்டால், அந்த வாடிக்கையாளரோடு பொழுது சாயும் வரை பேசிக்கொண்டிருக்க வேண்டியது நான். முடிவெட்டும் கடை வைத்திருப்பவரே, வாடகைக் கார் ஓட்டுபவரே, டியூஷன் எடுப்பவரே, அடுத்தவர் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வதையே பிழைப்பாகக் கொண்ட எல்லாருமே, நீங்கள் என் சாதிசனம். உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

பேட்மிண்டனில் இடமில்லை

முதலில் நான் ரவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தேன். கம்பெனி விளையாட்டுக் கிளப்பில் எல்லாரும் ஏதாவது ஒன்றில் பெயர் கொடுக்க வேண்டும் என்றார்கள். நான் பேட்மிண்டன் கேட்டேன். நிறைந்துவிட்டது. போலிங்கும் நிறைந்துவிட்டது. மேனேஜர் தன் சொந்த ஆசைக்காக ஆரம்பித்த ஃப்ளை ஃபிஷிங் பிரிவில் மட்டும் அவரைத் தவிர யாரும் இல்லை. சிரம்பான்காரர், நல்ல மனிதர். அவர் தனியாக இருக்கிறாரே என்று நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்தோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நிறுத்தி, கம்பை எப்படி வீசுவது என்று காட்டினார். நான் பின்னால் வீசி முன்னால் கொண்டுவந்தேன். லைன் வந்தது, முள் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அது மேனேஜர் தொப்பியில் மாட்டியிருக்கிறது. தொப்பி தலையைவிட்டு எழும்பி நிற்கிறது. வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் அசையாமல் நின்று சொன்னார்:

“கோமதி, மொத நாளே பெரிய மீனாத்தான் புடிச்சிருக்க. சட்டப்படி இப்ப நீ என்னய விட்டுறணும்.”

ஆறு வீடு மாறியது

கம்பெனி வேறு நாட்டுக்குப் போனதும் நான் ஆற்றுக்கு வந்துவிட்டேன். பத்தாங் காலியில் ஜமால் பாய் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். அவர் அப்பா நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். வாடிக்கையாளர்கள் காலையில் அவர் கடையில் கூடி, ரொட்டி சாப்பிட்டு, என்னோடு கிளம்புவார்கள். திரும்பி வந்து மறுபடியும் சாப்பிடுவார்கள். இதனால் அவர் என் கூட்டாளி. ஆனால் ஆற்றில் ஒரு விரலைக்கூட நனைத்தவர் இல்லை. இந்த ஆற்றின் ஒவ்வொரு மடுவையும், அதாவது மீன் தங்குகிற ஒவ்வொரு ஆழமான குழியையும், எனக்கு அப்படியே தெரியும். எந்தப் பாறைக்குப் பின்னால் எந்த மாதத்தில் தெங்காஸ் மீன் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தக் கர்வத்தோடுதான் இருந்தேன்.

பிறகு வெள்ளம் வந்தது. நாலைந்து நாள் மலையே கரைந்து இறங்குவது போல மழை. பாய் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் நாற்காலிகளைத் தேடிப் போன பாயும் மடுக்களைத் தேடிப் போன நானும் ஒன்றாகவே ஆற்றுக்கு நடந்தோம். ஆறு அங்கே இல்லை. பெரிய வளைவாக மூங்கில் புதரைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்த ஆறு, சுற்றுவானேன் என்று ஒரு செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு நேராகப் போய்விட்டது. பழைய வளைவு முழுக்க வெள்ளைக் கற்கள். ஒரு மரக்கிளையில் யாரோ வீட்டு ஐஸ்பெட்டி, கதவு திறந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. என் மடுக்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. நான் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். பாய் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலும் கீழும் வெகுநேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

“தங்கச்சி, நாம சரியான ஊருக்குத்தான் வந்திருக்கோமா?”

கீழே இருப்பவர்

லோரி ஓட்டும் என் வீட்டுக்காரர் ரவி அதிகம் பேசமாட்டார். ஆனால் சுங்கை சோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ரவாங்கில் புதுத் தொழிற்சாலை ஒன்று ஆள் எடுக்கும் செய்தித் துண்டு உப்பு ஜாடிக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. நானும் அதை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஏற்கனவே வருவதாகச் சொன்னவர்களை மட்டும் கூட்டிப் போய்விட்டு முடிவு செய்யலாம் என்று இருந்தேன்.

வெள்ளத்துக்குப் பிறகு முதலில் வந்தவர் குமார், கோல சிலாங்கூரில் படகுச் சவாரி நடத்துகிறவர். எங்கள் மலைத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருவது அவர் ஊர்க் கழிமுகத்துக்குத்தான். நான் அவரை வழியெல்லாம் தயார் பண்ணிக்கொண்டே வந்தேன். இங்கே ஒரு பெரிய மரம் இருந்தது, இப்போது இல்லை. இங்கே மணல்திட்டு இருந்தது, இல்லை. இங்கே ஒரு மூங்கில் பாலம் இருந்தது. ஆற்றில் தண்ணீர் இன்னும் பால் கலந்த தே தாரிக் டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மீனும் தலைகாட்டவில்லை. நான் பத்தாவது தடவை மன்னிப்புக் கேட்டபோது அவர் என் தோளைத் தட்டினார்:

“விடுங்கக்கா, உங்க மரம், மணல், பாலம் எல்லாம் பத்திரமா எங்க படகுத்துறையில வந்து நிக்குது. எப்ப வந்து எடுத்துக்கிறீங்க, அத மட்டும் சொல்லுங்க.”

பாய் செய்த பூச்சி

கலங்கிய தண்ணீரில் என் பழைய சின்னச் சின்னப் பூச்சிகள் மீன் கண்ணுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் பளிச்சென்று வேண்டும் என்று பாயிடம் புலம்பினேன். அடுத்த நாள் பாய் ஒரு பிஸ்கெட் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே அவரே கட்டிய பூச்சிகள். சமையலுக்கு வந்த சேவலின் வால் இறகு, அவர் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த ஆரஞ்சு நூல், ஒட்ட வைக்க எதையோ தடவியிருந்தார். அதில் லேசாக மசாலா வாசம் வந்தது. ஒவ்வொன்றும் பூச்சியைவிடத் தேர்க்கொடிக்கு நெருக்கம். அவர் முகத்தைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அன்று வந்தவள் திவ்யா, ரவாங்கில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. பாய்க்காக அவளே ஆசையாக அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி முடிச்சுப் போட்டாள். பாயும் வேடிக்கை பார்க்கக் கரைவரை வந்துவிட்டார். திவ்யா அழகாக வீசினாள். லைன் விரிந்தது, ஆரஞ்சுப் பூச்சி வெயிலில் மின்னிக்கொண்டு இறங்கியது. தண்ணீரைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தகைவிலான் குருவி எங்கிருந்தோ பாய்ந்து வந்து அதைக் கவ்வியது! நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். குருவி பயந்து முள்ளை உதறிவிட்டது; ஆனால் இறகும் நூலும் அதன் வாயோடு போய்விட்டன. திவ்யாவின் லைன் நுனியில் வெறும் முள். பாய் முகம் வாடுவதற்குள் அவள் திரும்பிச் சொன்னாள்:

“அங்கள், சீரியஸா சொல்றேன், உங்க பூச்சி டூ ரியல் லா! மீன் வரைக்கும் போகவே விடமாட்டேங்குது.”

நியூசிலாந்தில் இருந்து ஒருவர்

வெளிநாட்டு ட்ரவுட் மீனைப் பற்றி எங்கள் ஆற்றில் பேசக்கூடாது என்று ஒரு பலகை வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ட்ரவுட் குளிர்நாட்டு மீன். நம் பக்கம் கிடையாது. நம்மிடம் இருப்பது தெங்காஸ், செபாராவ், அதிர்ஷ்டம் இருந்தால் கெலா. ஆனால் இந்த ஃப்ளை வித்தை முழுவதும் ட்ரவுட்டுக்காகவே பிறந்ததால், அதைப் பிடித்தவர்கள் நம் மீன்களை ஒன்றுவிட்ட பங்காளி மாதிரிதான் பார்ப்பார்கள்.

மோகன் என்பவர் வந்தார். நியூசிலாந்தில் பிள்ளைகளோடு பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கண்ணாடி மாதிரித் தண்ணீர், பனி மூடிய மலை, ட்ரவுட் மேலே வந்து பூச்சியை முத்தம் கொடுப்பது போல எடுக்கும் விதம், எல்லாவற்றையும் காலையிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் ஆற்றின் நிறத்தைப் பார்த்து “ம்ம்” என்றார். கரை சரிந்து கிடந்ததைப் பார்த்து இன்னொரு “ம்ம்.” நான் என் ஆற்றுக்காக வெட்கப்பட்டேன், பிறகு வெட்கப்பட்டதற்காக எனக்குக் கோபம் வந்தது.

மத்தியானம் ஆறு புதிதாகப் பெயர்த்துப் போட்ட ஒரு மரத்தின் வேரடியில் வீசச் சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை. பூச்சி இறங்கியதுதான் தாமதம், வேருக்குள்ளிருந்து ஒரு செபாராவ் இடி மாதிரி வந்து அடித்தது. ரீல் அலறியது. மோகன் ஒரு காலைத் தூக்கினார், இன்னொரு கால் வழுக்கியது, சட்டையோடு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். கம்பை மட்டும் விடவில்லை. நெஞ்சளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே போராடினார். கடைசியில் லைன் அறுந்தது. நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன். கோபமாக இருப்பார் என்று பார்த்தால், மூச்சு வாங்கச் சிரிக்கிறார்:

“ட்ரவுட்டு மரியாதையான மீனும்மா. இது கல்யாண வீட்டுல கையப் புடிச்சி இழுக்கிற நம்ம சொந்தக்காரன்!”

காய்ந்த மடு

இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்கிறேன். தனபாலன் ஐயா வடக்கே ஒரு பெரிய தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷம் ஒருமுறை மனைவி சரஸ்வதி அம்மாவோடு வருவார். ஐயா மூங்கில் மடுவில் இறங்கித் தூண்டில் போடுவார். அம்மா கரையில் கால் நனையாத இடமாகப் பார்த்து நின்று, அவர் வீசுவதில் குறை சொல்லிக்கொண்டிருப்பார். “கிட்ட வா, சரஸ்” என்று அவர் கூப்பிடுவார். “என் சேலை நனையும்” என்று அம்மா சொல்வார். ஒவ்வொரு வருஷமும் இதே பேச்சுதான். வெள்ளத்துக்கு முந்திய வருஷம் அம்மா இறந்துவிட்டார். ஐயா போன் செய்து, மூங்கில் மடுவுக்கே போகணும்மா, வேற எங்கயும் வேண்டாம் என்றார்.

மூங்கில் மடு இப்போது கற்குவியல் என்பதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வரச் சொல்லிவிட்டேன். கடையில் ரொட்டி சாப்பிடும்போது சொல்ல நினைத்தேன், முடியவில்லை. காரில் நினைத்தேன், அவர் பழைய கதை பேசிக்கொண்டு வந்தார். கடைசியில் மூங்கில் புதர் தாண்டி அவரே பார்த்துவிட்டார். வெயிலில் வெள்ளை வெளேரென்று கற்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆறு தள்ளிப் போய் எங்கோ சலசலத்துக்கொண்டிருந்தது. நான், “ஐயா, முன்னமே சொல்லியிருக்கணும்” என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

மெதுவாகக் கற்கள் மேல் இறங்கி நடந்தார். மடு ஆழமாக இருந்த நடு இடத்துக்குப் போய் நின்றார். கம்பைப் பிரித்து மாட்டி, லைனை இழுத்துவிட்டு, காய்ந்த கற்கள் மேல் வீச ஆரம்பித்தார். முன்னும் பின்னும், முன்னும் பின்னும், ரொம்ப அழகாக. அம்மா பார்த்திருந்தால் அன்றைக்குக் குறை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது, மூங்கில் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பை மடக்கிக்கொண்டு வந்தார். மீன் உள்ள இடம் ஏதாவது பார்க்கலாமா என்று கேட்டேன். தலையாட்டினார். மேலே ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இப்ப அவ தாராளமா நடு மடுவுக்கே வந்து நிக்கலாம்மா. சேல நனையாது.”

பாயின் முதல் மீன்

அதற்குப் பிறகு வாடிக்கையாளர் இல்லாத நாட்களிலும் ஆற்றுக்குப் போக ஆரம்பித்தேன். பழைய ஆற்றைத் தேடுவதை விட்டுவிட்டு, இருக்கிற ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே சுழிக்கிறது, எந்தக் கரையைத் தோண்டுகிறது. மெல்லத் தெளிந்துகொண்டும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடையை மகளிடம் விட்டுவிட்டு, பாயும் கூட வந்தார். ஒரு புது வளைவில், சரிந்த பாறைக்குக் கீழே, பச்சையாக ஆழம் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அடியில் தெங்காஸ் கூட்டம், சாம்பல் நிற முதுகுகள் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன. பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, “கொண்டா” என்று என் கம்பை வாங்கித் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

அவர் வீசியதை வீச்சு என்று சொல்ல முடியாது. மாவு அடிப்பது போலத் தோளிலிருந்து அடித்தார். ஆனாலும் ஒரு சின்னத் தெங்காஸுக்கு அது பிடித்திருந்தது. உள்ளங்கை நீளம்தான் இருக்கும். அதைத் தண்ணீருக்குள்ளேயே இரண்டு கையிலும் ஏந்தி, பல்லாயிரம் மீனைக் கறியாக்கிய அந்த மனிதர், குழந்தையைக் குளிப்பாட்டுவது போல நின்றார். முள்ளை நான் எடுத்துவிட்டேன். கையை விரித்தார். மீன் ஒரு கணம் அங்கேயே நின்று, பிறகு போனது. அது போன திசையையே பாய் பார்த்துக்கொண்டிருந்தார்:

“தங்கச்சி, இன்னிக்கு ராத்திரி மெனுவுல மீன் கறி வேணாம். எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

ரவியின் பதில்

அன்று சாயங்காலம் உப்பு ஜாடியைத் தூக்கி அந்தச் செய்தித் துண்டை எடுத்தேன். தொழிற்சாலைக்குப் போகவில்லை என்று ரவியிடம் சொன்னேன். வருமானம் கொஞ்ச நாள் முன்னே பின்னே இருக்கும், ஆனால் ஆறு மறுபடியும் எனக்குப் பிடிபட ஆரம்பித்துவிட்டது என்றேன். அவர் தட்டிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சண்டை வரும் என்று நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. இவர் வாடிக்கையாளரும் இல்லை, கூட்டாளியும் இல்லை, இருந்தாலும் இவர் சொன்னதையும் சேர்த்துவிடுகிறேன்:

“உனக்குக் கம்பெனியில வேல பாக்கிற மூஞ்சி ஒண்ணு, ஆத்துலேர்ந்து வர்ற மூஞ்சி ஒண்ணு. எனக்கு ரெண்டாவது மூஞ்சியோட குடும்பம் நடத்துறது ஈசி.”

புதுமணத் தம்பதி

சபாக்கிலிருந்து சரவணனும் காயத்ரியும் வந்தார்கள். கல்யாணமாகி ஒரு மாதம். அவனுக்குத் தூண்டில் பைத்தியம். அவளுக்கு அவன்மேல். ஆற்றின் நடுவே வெள்ளம் புதிதாகப் போட்ட ஒரு கூழாங்கல் திட்டில் நின்றோம். கரைக்கும் திட்டுக்கும் நடுவே முழங்காலளவு ஓடைதான். அவள் குடை பிடித்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் தலைக்குமேல் நல்ல வெயில். ஆனால் மலைமேல் கருத்திருந்தது. அதில் ஒரு கண் வைத்துக்கொண்டே இருந்தேன்.

சரவணன் தூண்டிலில் பெரிய மீன் மாட்டியது. கம்பு வில்லாக வளைந்தது. சரியாக அந்த நேரம் தண்ணீரில் காய்ந்த இலைகள் கொத்துக் கொத்தாக மிதந்து வந்தன. பின்னாலேயே நுரை. கரையோரத் தண்ணீர் நிறம் மாறியது. மேலே பெய்த மழை ஒரே வீச்சில் இறங்கி வருகிறது. பழைய ஆறாக இருந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இந்த ஆற்றில் தெரியாது. “கெளம்புங்க!” என்று கத்தினேன். “ரெண்டே நிமிஷம்க்கா, இது கெலா அக்கா, வாழ்க்கையில ஒரு தடவதான்!” என்றான். பக்கத்தில் போய், கழுத்தில் தொங்கிய சின்னக் கத்தரியால் அவன் லைனை வெட்டினேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். அதற்குள் காயத்ரி குடையைப் போட்டுவிட்டு அவன் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துவிட்டாள். மூன்று பேரும் கோர்த்துக்கொண்டு ஓடையில் இறங்கினோம். முழங்கால் தண்ணீர் தொடைக்கு வந்திருந்தது. நடு ஓடையில் அவன் கால் ஒருமுறை கல்லில் தடுக்கிப் போனது. அவள் பிடியை விடவில்லை.

கரையேறித் திரும்பிப் பார்த்தபோது திட்டு இல்லை. மஞ்சள் குடை மட்டும் சுழன்றுகொண்டே போனது. சரவணன் மண்ணில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மீனுக்கா, பயத்துக்கா என்று தெரியவில்லை. நான் ஏதாவது ஆறுதல் சொல்லப் போனேன். காயத்ரி, அவன் பெல்ட்டை இன்னும் விடாமல், தலையைக்கூடத் துவட்டாமல் என்னைத் தடுத்தாள்:

“அழட்டும்க்கா. அவரு மீனு போயிருச்சி, அவரு அழுவுறாரு. என் மீனு கரைக்கு வந்திருச்சி, எனக்கு அது போதும் லா.”

மீன் கிடைத்தவர் படத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், கிடைக்காதவர்தான் அடுத்த மாதமும் போன் அடிக்கிறார், அவர் புண்ணியத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.